பூட்டு யார் கையில்

செப்டம்பர் 2, செவ்வாய்

பகல் 11.40க்குச் செய்தி வந்தது. காலையில் தலைவலி என்று சுகிர்தா ஸ்கூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்கேன் முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்றாள். அவள் பையில் இருந்த அடையாள அட்டையில் ஆபீஸ் நம்பர்தான் இருந்தது. அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து ரிசப்ஷனுக்கு, ரிசப்ஷனிலிருந்து முரளிதரனுக்கு, அவரிடமிருந்து எனக்கு. கணவன் மனைவி இருவருக்கும் மேலாளர் அவர்தான்.

“தயா, வா. கார எடுத்துட்டேன்.”

“எதுக்கு சார்?”

“வா. போயிட்டே பேசலாம்.”

ஹோப்ஸ் சிக்னலில் நிற்கும்போது சொன்னார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. சிக்னல் பச்சையான பிறகும் அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

“சார், பச்சை” என்றேன்.


செப்டம்பர் 3, புதன்

மின்மயானம். மதியத்துக்குள் முடிந்தது.


செப்டம்பர் 7, ஞாயிறு

சுகிர்தாவின் அம்மா கோபியிலிருந்து வந்து இங்கேயே இருக்கிறார். நான் அத்தை என்று கூப்பிடுவேன். நாங்கள் இருவரும் ஹாலில் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். எப்படி ஆச்சு?

இன்று பக்கத்து பிளாட்காரர் கேட்டபோது நானும் அத்தையும் ஒரே நேரத்தில் பதில் சொல்லத் தொடங்கினோம். நான் ஸ்கேன் பற்றிச் சொன்னேன். அத்தை, அவள் முந்தின வாரம் எண்ணெய் தேய்த்துக் குளித்ததைப் பற்றிச் சொன்னார். வந்தவர் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு லிஃப்ட் அருகே யாரிடமோ, ஸ்கேனுக்கு முன்னால் எண்ணெய் தேய்த்ததால் இப்படி ஆகிவிட்டதாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பால் பாக்கெட் இன்னும் இரண்டு வருகிறது. ஒன்று போதும் என்று சொல்ல வேண்டும்.


செப்டம்பர் 11, வியாழன்

முரளி வீட்டுக்கு வந்தார். ஒரு பை ஆப்பிள். அத்தை காபி கொடுத்தார்.

எங்கள் கம்பெனி அரிசி தரம் பிரிக்கும் இயந்திரம் செய்கிறது. மேலிருந்து அரிசி கொட்டும், கேமரா ஒவ்வொரு மணியையும் பார்க்கும், கறுப்பு மணி தெரிந்தால் ஒரு சின்ன வால்வு காற்றை ஊதி அதைத் தள்ளிவிடும். கேமராவுக்கு ஒரு த்ரெட், வால்வுக்கு ஒரு த்ரெட், திரைக்கு ஒன்று. ஒரே நிரலுக்குள் மூன்று பேர் ஒரே நேரத்தில் வேலை செய்கிற மாதிரி. பொதுவான ஒரு இடத்தை யார் தொட்டாலும் முதலில் பூட்டைப் பிடித்துக்கொண்டு தொட வேண்டும், பிறகு விட்டுவிட வேண்டும். யாராவது விடாமல் பிடித்துக்கொண்டால் மொத்தமும் நின்றுவிடும். மூன்று மாதமாக மில்களில் அப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறது. அரிசி கொட்டுவது மட்டும் நிற்பதில்லை, கறுப்பு அரிசி அப்படியே மூட்டைக்குப் போய்விடுகிறது.

யார் பூட்டைப் பிடித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கச் சுகிர்தா டீபக்கருக்குள் ஓடும் ஒரு ஸ்கிரிப்ட், ஒரு சின்ன துணை நிரல், எழுதினாள். டீபக்கர் என்பது ஓடும் நிரலை நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்க்க உதவும் கருவி. அதன் முன் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் ஸ்கிரிப்ட் இருந்தால் யாரும் உட்கார வேண்டாம். அதுவே காவல் காக்கும். இயந்திரம் நின்றதும் உள்ளே போய்ப் பார்த்துப் பெயர் சொல்லும்.

“எல்லா சர்வீஸ் இன்ஜினியர் லேப்டாப்லயும் போடப் போறோம்” என்றார் முரளி. “கமாண்ட் பேரே ‘சுகி’ன்னு வெக்கலாம்னு மேல சொல்லிட்டாங்க. ஆண்டு விழாவுல அறிவிப்பு.”

அத்தைக்கு முதலில் புரியவில்லை. “என்னங் தம்பி? எதுக்குங் பேரு?”

“உங்க பொண்ணு செஞ்ச கருவிக்கும்மா. பர்மாவுல மெஷின் நின்னாக்கூட அங்க இருக்கறவன் சுகின்னு அடிச்சாத்தான் வேலை நடக்கும்.”

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். முரளி போனதும் ஒவ்வொருவராகப் போன் செய்து சொன்னார். பர்மாவில் சுகிர்தா பெயரில் மிசின் ஓடுகிறதாம்.

இத்தனை நாளில் இன்றுதான் இரண்டு தோசை சாப்பிட்டார்.


செப்டம்பர் 17, புதன்

கருமாதி முடிந்தது. ஆபீஸிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகும் ஜெசிந்தா செருப்பு விடும் இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். தூத்துக்குடிப் பெண். வால்வு த்ரெட்டை எழுதியவள். கான்ட்ராக்டில் இருக்கிறாள்.

“சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன் அண்ணா. பாயசத்துல உப்பு போட்டுட்டாங்க போல.”

“யாரும் சொல்லலையே.”

“எழவு வீட்டுல யாரு சொல்லுவா?” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். “மன்னிச்சிருங்கண்ணா.”

பரவாயில்லை என்றேன். எனக்குச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. வரவில்லை.

“இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். ஆனா மாசக் கடைசியோட என்னைய அனுப்புதாங்க. அக்கா ஸ்கிரிப்ட் ஓட்டினதுல கிட்டத்தட்ட எல்லாத் தடவையும் என் த்ரெட்தான் பூட்ட வச்சிருக்குன்னு வருது. நான் ஒரு வாரமா ஒவ்வொரு வரியாப் பாத்துட்டேன். நான் பிடிச்ச எடத்துலயெல்லாம் விட்டிருக்கேன்.”

“ஸ்கிரிப்ட் தப்புன்னு சொல்றீங்களா?”

“ஐயோ, அக்காவ நான் அப்படிச் சொல்லுவேனா? ஸ்கிரிப்ட் சரிதான். நான் எழுதினதும் சரிதான்.”

“ரெண்டும் எப்படிச் சரியா இருக்கும்?”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். “அதான் உங்கட்ட வந்தேன். வேற யாரும் அதத் தொறந்தே பாக்க மாட்டேங்காங்க. சாமி படம் மாதிரி வச்சிருக்காங்க.”


செப்டம்பர் 18, வியாழன்

சுகிர்தாவின் ஸ்கிரிப்டைத் திறந்தேன். இதுவரை படித்ததில்லை. வீட்டில் ஆபீஸ் பேச்சு வேண்டாம் என்று ஒரு ஏற்பாடு இருந்தது.

நன்றாக எழுதியிருக்கிறாள். காவல் காக்கும் பகுதிக்கு ‘வாட்ச்மேன்’ என்று பெயர். இயந்திரம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் எண்ணுக்கு ‘மூச்சு’. அது ஓடத் தொடங்கும்போது திரையில் ‘இரு, பாக்கறேன்’ என்று ஒரு வரி வருகிறது. முடிந்ததும் ‘ஆச்சு, எந்திரி’. காலையில் என்னை எழுப்புவது போலவே.

சமையல் கேஸ் சிலிண்டர் புக் செய்தேன்.


செப்டம்பர் 20, சனி

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

டீபக்கர் ஒரே ஆள் உட்காரும் கடை. அதற்கென்று ஒரு முதன்மை த்ரெட் உண்டு. எதைக் கேட்டாலும் அந்த ஆள்தான் எடுத்துத் தர வேண்டும். சுகிர்தாவின் வாட்ச்மேன் தனி த்ரெட்டில் ஓடுகிறது. அது தவறில்லை. மூச்சு நின்றதும் வாட்ச்மேன் ஒரு வேலைச் சீட்டை எழுதி முதன்மை த்ரெட்டின் வரிசையில் போட்டுவிட்டு நகர்ந்திருக்க வேண்டும். அதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. கை ஓய்ந்ததும் முதன்மை த்ரெட் அந்தச் சீட்டைப் பார்த்து வேலையைச் செய்யும். ஆனால் வாட்ச்மேன் நேராகக் கல்லாவுக்குப் பின்னால் போய்த் தானே டப்பாக்களைத் திறக்கிறது.

டீபக்கருக்கு ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டின் மேல்தான் பார்வை. வாட்ச்மேன் ‘கேமராவைப் பார்’ என்று பார்வையைத் திருப்புகிறது. அதே நேரத்தில், நிரல் நின்ற செய்தி கேட்டு முதன்மை த்ரெட் தன் வழக்கப்படி பார்வையைத் தானும் திருப்புகிறது. வால்வு த்ரெட்தான் ஓயாமல் விழித்துக்கொண்டிருப்பது, அதனால் அநேகமாக அதன் பக்கம். கேமராவைப் பார்ப்பதாக நினைத்து வாட்ச்மேன் வால்வைப் பார்க்கிறது. பார்த்த பெயரையே, பூட்டு இவரிடம் என்று எழுதிக்கொள்கிறது.

எப்போதும் அப்படி நடக்காது. எங்கள் மேசையில் சோதித்தால் நடக்கவே நடக்காது. அங்கே எல்லாம் மெதுவாக ஓடும். மில்லில் ஓடும் வேகத்தில்தான் இரண்டும் மோதும்.

சில சமயம் டீபக்கரே காரணமில்லாமல் செத்துப்போகிறது என்று ஒரு புகார் இருந்தது. போர்டு சூடாகிறது என்று விட்டுவிட்டோம். அதற்கும் இதுதான் காரணம்.

அத்தை கீரை வாங்கி வந்தார். இருவரும் ஆய்ந்தோம்.

“அந்த விழா எப்பங் மாப்ள? கோபியிலிருந்து ஒரு பத்துப் பேரு வாரங்கறாங்கொ.”

“தேதி இன்னும் சொல்லலைங்க அத்தை.”


செப்டம்பர் 21, ஞாயிறு

வேறு வேலை இல்லை. பழைய ஸ்கிரிப்டை என் லேப்டாப்பில் ஒரு சின்ன நிரலின் மேல் ஏழெட்டுத் தடவை ஓட்டினேன். அதிலிருந்து தெரிந்துகொள்ள இனி ஒன்றும் இல்லை. பிறகு இன்னும் சில தடவை ஓட்டினேன். ‘ஆச்சு, எந்திரி’.


செப்டம்பர் 23, செவ்வாய்

ஆபீஸ் போனேன். லிஃப்டில் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் என் தோளைத் தொட்டுவிட்டு, தவறான மாடியில் இறங்கிப் போனார்.

லேபில் ஜெசிந்தா மட்டும். தரையெல்லாம் குருணை. செருப்புக்கு அடியில் நொறுங்கியது. திருத்திய ஸ்கிரிப்டைப் போட்டேன். நான் மாற்றியது கொஞ்சம்தான். வாட்ச்மேன் இனி எதையும் தொடாது. சீட்டை வரிசையில் போட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கும். மற்றபடி எல்லாம் அவள் எழுதியபடியே இருக்கிறது.

இயந்திரத்தை முழு வேகத்தில் விட்டு, எதிரெதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். அரிசி கொட்டுகிற சத்தம். காற்று ஊதுகிற சத்தம். பிற்பகலில் நின்றது.

திரையில் ‘இரு, பாக்கறேன்’ என்று வந்தது. ஜெசிந்தா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

கேமரா த்ரெட். அதற்குள் வெளியிலிருந்து வாங்கிப் போட்ட ஒரு நிரல் துண்டு இருக்கிறது. படம் ஒன்று பாதியில் விட்டுப்போனால் அது பூட்டை விடாமல் அப்படியே திரும்பிவிடுகிறது. மறுபடியும் ஓட்டினோம். மறுபடியும் அதே. பழைய ஸ்கிரிப்டையும் ஓட்டிப் பார்த்தோம். வால்வு என்றது.

“பாத்தீங்களாண்ணா, நான் பூட்டத் தொடவே இல்ல” என்றாள். பிறகு, “நல்லவேளைன்னு சொல்லணும்போல இருக்கு. சொல்லவும் முடியல” என்றாள்.

முரளியிடம் காட்டினேன். கதவைச் சாத்தினார்.

“சூப்பர் தயா. ஸ்கிரிப்ட்ட மாத்திடு. கேமராக்காரங்கள நான் பாத்துக்கறேன்.”

“பழைய ரிப்போர்ட் எல்லாம் தப்புன்னு எழுதணும் சார். அத வெச்சுத்தான ஜெசிந்தாவ அனுப்பறீங்க.”

“அது ஏற்கனவே மேல போயாச்சு. திரும்ப வாங்கணும்னா காரணம் கேப்பாங்க. என்னன்னு சொல்றது? நாங்க விழா எடுக்கற கருவியே தப்புன்னா?”

“ஆமா.”

“யோசி. ஜெசிந்தாவுக்கு வேற எடத்துல வேலை கெடைக்கும். நானே சொல்லி வாங்கித் தரேன். சுகிர்தாவுக்கு இனிமே இது ஒண்ணுதான்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. மேசை மேல் விழா அழைப்பிதழின் மாதிரி இருந்தது. அவள் பெயருக்கு மேல் ஒரு சின்ன தீபம் வரைந்திருந்தார்கள்.


செப்டம்பர் 24, புதன்

பால்காரரிடம் ஒரு பாக்கெட் போதும் என்று சொன்னேன். உங்கள் அத்தை இருக்கும்வரை இரண்டாக இருக்கட்டும் என்றார் அவர். அதுவும் சரிதான்.


செப்டம்பர் 26, வெள்ளி

அத்தையிடம் சொல்லிவிட்டேன். விழாவில் எல்லோர் முன்னாலும் அவர் உட்கார்ந்திருக்கும்போது வேறு யார் வாயிலிருந்தாவது வரக்கூடாது என்று பட்டது. சமையலறை வாசலில் நின்றே சொன்னேன். வரிசை, சீட்டு, கடை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.

“சுருக்கமாச் சொல்லுங் மாப்ள. என்ற புள்ள செஞ்சது வேல செய்யலையா?”

“செய்யுதுங்க. அவசரத்துல மட்டும் ஆள மாத்திச் சொல்லிடுது.”

“யார மாத்திச் சொல்லுச்சு?”

“கருமாதிக்கு வந்தாளே, ஜெசிந்தா. அவளுக்கு வேலை போகப் போகுது.”

“நீங்க இப்ப சரி பண்ணிட்டீங்கல்ல?”

“பண்ணிட்டேன்.”

“அப்பறம் என்னத்துக்கு ஊரக் கூட்டிச் சொல்லோணும்? உசுரோட இருந்தா அவளே பேசிக்குவா. வாயில்லாதவ மேல பழியப் போடறீங்களே. அதுவும் நீங்க.”

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அடுப்பில் சாம்பார் பொங்கி வழிந்தது. இருவருமே அணைக்கவில்லை. பிறகு அவரே அணைத்தார்.

“அவ தப்பு செய்வாளுங் மாப்ள. எனக்குத் தெரியாதா? பெத்தவளுக்குத் தெரியாதா? அதுக்காவ நோட்டீசு ஒட்டோணுமா?”

நான், “அவளா இருந்தா ஒட்டியிருப்பா அத்தை” என்றேன். அது உண்மை. யாராவது அவள் வேலையில் பிழை கண்டுபிடித்தால் வீட்டுக்கு வந்து கைகழுவுவதற்கு முன்பே அதைச் சொல்வாள். ஆபீஸ் பேச்சு வேண்டாம் என்ற ஏற்பாட்டை அதற்கு மட்டும் மீறுவாள்.

“அவளா இருந்தா” என்று அத்தை திருப்பிச் சொன்னார். அவ்வளவுதான். பையை எடுத்துத் துணி மடிக்கத் தொடங்கினார்.


செப்டம்பர் 27, சனி

அத்தையைக் காந்திபுரத்தில் கோபி பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலோர சீட். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். பஸ் நகர்ந்தபோது என்னைப் பார்க்கவில்லை. முன்சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தால் குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாளைக்கு மாவு, ஒரு கிண்ணம் சட்னி. மேலே தட்டுப் போட்டு மூடியிருந்தது.


செப்டம்பர் 28, ஞாயிறு

ஜெசிந்தா போன் செய்தாள். ஊருக்குப் போகச் சாமான் கட்டுகிறாளாம்.

“அண்ணா, ஒண்ணு சொல்லுதேன். முரளி சார் என்னைய நேத்துக் கூப்பிட்டுப் பேசினாரு. வேற கம்பெனியில சொல்லியிருக்காராம். நான் போயிக்கிடுதேன். நீங்க எதையும் எழுத வேண்டாம்.”

“வால்வு த்ரெட்ல பிழைன்னு உங்க பேருல பதிவாயிருக்கும்.”

“இருக்கட்டும்.”

“அங்க உங்களப் பத்தி விசாரிப்பாங்க.”

அவளுக்குப் பின்னால் யாரோ டேப் ஒட்டும் சத்தம்.

“அக்காதான் எனக்கு இந்த வேலைய வாங்கிக் குடுத்தது. உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது. எங்கள் வீட்டில் ஆபீஸ் பேச்சு இல்லை.

“இன்டர்வியூல நான் ஒரு கேள்விக்குத் தப்பாச் சொன்னேன். வெளிய வந்து அக்கா சொன்னாங்க, ‘தப்பாச் சொன்னது பரவால்ல. தப்புன்னு தெரிஞ்சதும் உடனே சொன்ன பாரு, அதான் எடுத்தேன்’னு. அதனாலதான் அண்ணா, அவங்க பேருல இதப் போட எனக்கு மனசு வரல.”

“ஜெசிந்தா, இப்ப நீங்க கேட்டதுக்கு நேரெதிரா, எழுதணும்னுதான் சொல்லிட்டீங்க.”

“ஆமால்ல” என்றாள். மூக்கை உறிஞ்சினாள். “பெட்டியப் பிரிக்கவா, கட்டவா?”

“நாளைக்கு மதியம் வரைக்கும் கட்டாதீங்க.”


செப்டம்பர் 29, திங்கள்

காலையில் குளித்தேன். மாவு ஊற்றி மூன்று தோசை. சட்னி நன்றாகவே இருந்தது.

பிறகு உட்கார்ந்து எழுதினேன். பழைய ரிப்போர்ட்டுகள் யார் யாருக்குப் போயினவோ அத்தனை பேருக்கும். முதல் வரி: வால்வு த்ரெட்டில் பிழை இல்லை. இரண்டாவது வரி: பிழை, பரிசோதித்த ஸ்கிரிப்டில் இருந்தது. அதற்குக் கீழே வாட்ச்மேன் எங்கே தொடக்கூடாததைத் தொட்டது, ஏன் மேசையில் தெரியவில்லை, மில்லில் ஏன் தெரிந்தது, கேமரா த்ரெட்டில் எதை மாற்ற வேண்டும். ஜெசிந்தாவின் பெயர் வந்த ஒவ்வொரு தேதியையும் போட்டு, எதிரே ‘தவறு’ என்று எழுதினேன்.

‘ஸ்கிரிப்டை எழுதியவர்’ என்ற இடத்தில் நின்றேன். ‘எங்கள் குழு’ என்று போட்டுப் பார்த்தேன். யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். அத்தை மறுபடி என்னிடம் பேசுவார். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு விழாவுக்கு வருவார். ஆனால் குழு என்று ஒருவர் இல்லை. மூச்சு என்று பெயர் வைத்தது குழு இல்லை. அழித்தேன். சுகிர்தா என்று போட்டேன். இந்த டைரிக்கு வெளியே அவள் பெயரை நானே எழுதியது, மயானத்து ரசீதுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

கீழே இன்னொரு வரி சேர்த்தேன். திருத்திய பிறகு இந்த ஸ்கிரிப்ட் சரியாக வேலை செய்கிறது, காவல் காக்கும் முறை முழுவதும் அவருடையது, பெயர் வைப்பதானால் இப்போது வைக்கலாம். இதைக் கெஞ்சலாக எழுதவில்லை. சோதித்துப் பார்த்ததைத்தான் எழுதினேன்.

பன்னிரண்டு மணிவாக்கில் அனுப்பினேன்.

முரளி உடனே கூப்பிட்டார். எடுக்கவில்லை. அந்த மணி ஓய்வதற்குள் மேலிடத்திலிருந்து இன்னொருவர். நடுவில் கோபி நம்பர் ஒன்று, அத்தையா அத்தை வீட்டுப் பக்கமா தெரியவில்லை. ஜெசிந்தாவுக்கு மட்டும் ‘பெட்டியைப் பிரிக்கலாம், அனுப்பிவிட்டேன்’ என்று ஒரு செய்தி போட்டேன். அவளிடமிருந்து பதில் வந்தது: ‘பாதிப் பெட்டிதான் கட்டியிருந்தேன் அண்ணா.’

எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும், தெரியும். அத்தைக்கு முதலில். நாளைக் காலையில் கோபிக்கு நேரிலேயே போகிறேன். இருபத்தேழு நாளாக வராத அழுகை இப்போது வருகிறது போல. அதற்கு ஆள் வேண்டாம், யாரும் குறுக்கே பேச வேண்டாம். அறைக் கதவைச் சாத்தியிருக்கிறேன். போனை அணைத்துவிட்டேன்.